டீட்டெயிலிங் என்று நாம் பாராட்டியது

2017 நவம்பரில் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ வெளிவந்த வாரம், சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்களும் டீக்கடையில் பேசுகிறவர்களும் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம்: டீட்டெயிலிங். நெடுஞ்சாலையை ஒட்டிய தனி வீடு, லாரியில் வந்து லாரியிலேயே மறையும் கும்பல், இரும்புக் கம்பி, ஒவ்வொரு மாநிலமாக அலைந்து கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும் போலீஸ். டூயட்டைத் தவிர்த்துப் பார்த்தால் அசலான புலனாய்வுப் படம் என்றோம். இயக்குநர் ஹெச்.வினோத்தின் உழைப்பைப் புகழ்ந்தோம். பாலைவனத்துப் பேருந்துச் சண்டையைத் தமிழில் இதுவரை பார்க்காத ஆக்‌ஷன் என்றோம்.

அந்தப் பாராட்டில் பாதி நியாயமானது. மறு பாதிக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். விமர்சனம் எழுதுகிறவர்கள், பக்கம் ஒதுக்குகிற ஆசிரியர்கள், சினிமாவைத் தீவிரமாகப் பார்ப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் ரசிகர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் ‘நாம்’ என்கிறேன்.

படத்தின் பின்னணி உண்மைச் சம்பவம். 1995 முதல் பத்தாண்டுகள் தமிழக நெடுஞ்சாலை ஓர வீடுகளில் கொடூரமான கொள்ளைகளும் கொலைகளும் நடந்தன. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் வீடு புகுந்து கொல்லப்பட்டார். எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையிலான காவல்துறைத் தனிப்படை வடமாநிலங்களுக்குப் போய்க் குற்றவாளிகளைப் பிடித்தது. செத்தவர்கள் நிஜ மனிதர்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்தைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஒரு கும்பல் செய்த குற்றத்தைப் படமாக்கியதைக் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

சிக்கல், கும்பலிலிருந்து குலத்துக்குப் படம் தாவுகிற இடத்தில் இருக்கிறது. ‘பவாரியா’ என்ற பெயரை ஓர் எழுத்து மாற்றி ‘ஹவாரியா’ என்று வைத்துக்கொண்டு, அந்த மக்களின் பூர்வீகத்தைப் படம் விளக்கத் தொடங்குகிறது. அவர்களுடைய முன்னோர் யார், எப்படிக் காட்டுக்குப் போனார்கள், எப்படி வேட்டையாடினார்கள், எப்படிக் கொள்ளையடிக்கிறார்கள் என்று வம்சாவளியும் குற்ற முறையும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்தச் சில நிமிடங்கள் முடியும்போது, திரையில் இருக்கிற பத்துப் பேர் மட்டும் குற்றவாளிகள் இல்லை. அந்த வயிற்றில் பிறந்த எல்லோரும் குற்றவாளிகள் என்பது நமக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தமிழகப் போலீஸ் ஒரு கிராமத்துக்குள் நுழைகிறது. ஊரே திரண்டு தாக்க வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்துக்குக்கூடப் பெயரில்லை, பேச்சில்லை, வீட்டில் எரிகிற அடுப்பில்லை. ஆள் பிடிக்க வந்த வெளிமாநிலப் போலீஸைப் பார்த்ததும் ஒரு கிராமம் ஏன் அப்படித் திரளும் என்ற கேள்வியைப் படம் கேட்கவில்லை. படம் பார்த்துவிட்டு வந்து எழுதிய நாமும் கேட்கவில்லை. ‘மிரட்டல்’ என்று எழுதினோம். மிகச் சிலர் அப்போதே எதிர்த்து எழுதினார்கள். ‘ஒரு கமர்ஷியல் படத்தில் இதையெல்லாமா தேடுவது’ என்று அவர்களைக் கடந்து போனோம்.

தேடியிருக்க வேண்டும். தேடியிருந்தால் கிடைத்திருக்கக் கூடியவை எந்த ரகசிய ஆவணத்திலும் இல்லை. பவாரியாக்கள் கண்ணி வைத்து வேட்டையாடிப் பிழைத்தவர்கள். ராஜஸ்தானின் அல்வர் பக்கத்தில் விவசாயிகள் அவர்களைக் கூலி கொடுத்துக் காவலுக்கு வைத்துக்கொள்வதுண்டு. காட்டுப்பன்றியும் நீலான் மானும் பயிரில் இறங்காமல் இரவெல்லாம் விழித்திருப்பதுதான் வேலை. 1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படி அலைந்து பிழைத்த பல சமூகங்கள் பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிடப்பட்டன. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மிச்சமிருந்த வேட்டையும் குற்றமானது. நிலம் கிடையாது, தொழில் போயிற்று, பெயர் மட்டும் காவல் நிலையத்துப் பேரேட்டில் இருக்கிறது. இதிலிருந்து ஒரு கும்பல் கொலைகாரர்களாக மாறியிருந்தால் அதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதை குலத்தின் ரத்தத்தில் இல்லை. படம் சொன்ன ‘வரலாறு’, அந்தப் பேரேட்டை எழுதிய கையின் வரலாறு. காலனிய அதிகாரி ஒருவரின் குறிப்பேட்டை நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். நாம் அதை ஆய்வு என்று பாராட்டினோம்.

பாராட்டியவர்கள் வேறு ஊர்க்காரர்களாக இருந்தால்கூடச் சமாதானம் சொல்லலாம். இந்தச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களுக்கு அது ‘ரேகைச் சட்டம்’. வயது வந்த ஆண்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும், அடுத்த ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க முடியாது என்று ஊர் திரண்டு நின்றது. போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். ஆயுதத்தோடு வந்த போலீஸுக்கு எதிரே ஒரு கிராமம் முழுவதும் திரண்டு நின்ற காட்சி நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. அங்கே நாம் அதைத் தியாகம் என்கிறோம், நினைவுத்தூண் எழுப்பி ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். சரியாகத்தான் செய்கிறோம்.

‘தீரன்’ படத்தின் உண்மையான கதாநாயகன் கைரேகைதான். போலீஸ் அதிகாரியாக வரும் கார்த்தி அதைத் தூக்கிக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலைவதுதான் படத்தின் முதுகெலும்பு, அதுவே அதன் அழகும். உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது என்பதையும், குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்கீழ் அதே ரேகை லட்சக்கணக்கானவர்களிடம் குற்றம் செய்வதற்கு முன்பே வாங்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படத்தைப் பற்றி எழுதியிருந்தால், எவ்வளவு நல்ல விமர்சனம் நமக்குக் கிடைத்திருக்கும்! படத்துக்கும் அது மரியாதையாக இருந்திருக்கும். பெருங்காமநல்லூரை அறிந்த ஒரு மொழியில், அந்த இணைப்பைப் போடுவதற்கு நமக்குக் கைவரவில்லை. நாம் இரண்டாம் பாதியின் நீளத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

அதைவிட வெட்கப்பட வேண்டியது பிறகு நடந்தது. படத்தில் வந்த ‘குற்றப்பரம்பரை’ என்ற சொல்லைத் தமிழகத்துச் சீர்மரபினர் (குற்றப் பழங்குடிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகத்தினர்) அமைப்புகள் எதிர்த்தன. தயாரிப்புத் தரப்பு வருத்தம் தெரிவித்தது, அந்தச் சொல்லை நீக்குவதாக அறிவித்தது. எதிர்ப்பு நியாயமானது, வருத்தமும் நியாயமானது. தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் அந்தப் பட்டியலின் தழும்போடு வாழ்கின்றன. செய்தியை வெளியிட்டோம், பிரச்சினை முடிந்தது என்று எழுதினோம். முடிந்ததா? அந்தச் சொல் யார் மீது வீசப்பட்டதோ அவர்கள் அந்த விவாதத்தில் எங்கேயும் இல்லை. சொல் போயிற்று; அந்த வம்சாவளிக் கதை இருந்தது. பவாரியாக்களுக்கு இங்கே சங்கம் இல்லை, ஓட்டு இல்லை, மனு கொடுக்க ஆள் இல்லை. அவர்களுக்காகக் கேட்டிருக்க வேண்டியவர்கள் விமர்சகர்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் கேட்பதற்குத்தான் அந்த வேலையே இருக்கிறது.

இதற்கு முந்தைய ஆண்டுதான் ‘விசாரணை’ பார்த்தோம். வேறு மாநிலத்துக்குப் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்கள். பூங்காவில் படுத்துத் தூங்குகிறவர்கள். மொழி தெரியாத ஊரில், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் குண்டூர்ப் போலீஸ் அவர்களை அடிக்கிறது. மு.சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த படம். தியேட்டரில் யாரும் பாப்கார்ன் கொறிக்க முடியவில்லை. வெளியூர்க்காரன், ஏழை, கேட்க நாதியில்லாதவன் என்பதாலேயே அவன்மீது வழக்குப் போடலாம் என்று போலீஸ் நினைப்பதைப் பக்கம் பக்கமாக எழுதினோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்று ‘செம்மரக் கடத்தல்காரர்கள்’ என்றபோதும் இதைத்தான் கேட்டோம். ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவனைக் கொள்ளைக்காரன் என்று எப்படிச் சொல்லலாம் என்றோம்.

அந்த அறிவு நம்மிடம் இருந்தது. லாக்கப்புக்குள் இருப்பவன் தமிழனாகவும் லத்தி பிடித்தவன் வேற்று மொழிக்காரனாகவும் இருந்தபோது அது வேலை செய்தது. அடுத்த ஆண்டே இடம் மாறியது. லத்தி நம் கையில், மொழி தெரியாதவன் எதிரே. அப்போது அந்த அறிவு எங்கே போனது? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். போலீஸின் கண்ணை நம் கண்ணாக மாட்டிக்கொண்டோம். மாட்டிக்கொண்டது தெரியாத அளவுக்குப் படம் நன்றாக எடுக்கப்பட்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டு வாசகருக்குச் சொல்வதுதான் நம் தொழில்.

ஒரு படத்தால் ஊரில் ஏதோ நடந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அப்படி நிரூபிக்க முடியாது, முயல்வதும் சரியில்லை. படம் எந்தக் காற்றில் வந்தது என்பதைச் சொல்லலாம். 2012 பிப்ரவரி 23 அன்று சென்னை வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குள் ஐந்து பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வங்கிக் கொள்ளையர்கள் என்றது போலீஸ். பிகாரையும் மேற்கு வங்கத்தையும் சேர்ந்தவர்கள். அதன்பிறகு வடமாநிலத்தவர்களை வாடகைக்கு வைத்தால் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்படி வீட்டுக்காரர்களுக்குச் சொன்னார்கள். வழக்கும் விசாரணையும் தீர்ப்பும் இல்லாமல் ஐந்து சாவுகள், அதன் முடிவில் ஒவ்வொரு வடமாநிலத் தொழிலாளியின் மீதும் ஒரு கண். ஐந்தாண்டு கழித்து ‘தீரன்’ வந்தபோது, தியேட்டரில் அந்தக் கண் ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருந்தது.

2018 மே மாதம், ‘வடமாநிலக் கும்பல் குழந்தைகளைக் கடத்துகிறது’ என்ற வாட்ஸ்அப் ஆடியோ வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் போளூர்ப் பக்கம் கோயிலுக்கு வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில் அறுபதைக் கடந்த ஓர் அம்மா அங்கே விளையாடிய பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். யாரோ சந்தேகப்பட்டார்கள். கார் கிளம்பிவிட்டது. தகவல் அதற்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கும்பல் மறித்து அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார், கூட வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். சாமி கும்பிட வந்தவர்கள். ‘கும்பல் கும்பலாக வருவார்கள், வேவு பார்ப்பார்கள், இப்படித்தான் தொடங்குவார்கள்’ என்ற கதை மண்டைக்குள் முழுசாகத் தயாராக இருந்தால், எதிரே நிற்பவர் பேசும் மொழிகூடக் காதில் விழாது.

‘தீரன்’ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம். ‘வேட்டையாடு விளையாடு’ (2006) கொலையாளிகள் இருவரின் நெருக்கத்தை வசைச்சொல்லாக்கியபோது நாம் ஹாரிஸ் ஜெயராஜின் பின்னணி இசையை எழுதினோம். ‘சிங்கம் 2’ (2013) ஆப்பிரிக்கர் என்றாலே போதை மருந்து என்று காட்டியபோது அதைப் பொருட்படுத்தவேயில்லை. தாடி வைத்த முஸ்லிம், வடசென்னைக் கறுப்பு இளைஞன், போலீஸ் வேலைக்கு நடுவில் வந்து நியாயம் பேசும் மனித உரிமைக்காரர் எல்லோரும் எத்தனை படங்களில் வந்து போனார்கள்! இப்படிச் சித்தரித்த படங்களை முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தபோது அதைக் கருத்துச் சுதந்திரத்துக்கு வந்த ஆபத்தாக மட்டும் பார்த்தோம். தடை கேட்பதை எதிர்த்தது சரி. அவர்கள் சொன்ன குறை உண்மைதானா என்பதைத் தனியாக உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டாமா?

நம் வேலையின் நடைமுறையும் இதில் சேர்த்திதான். வியாழன் சாயங்காலமோ வெள்ளி காலையோ படம். இடைவேளையில் முதல் ட்வீட், மத்தியானத்துக்குள் விமர்சனம். கதைச் சுருக்கத்துக்கு ஒரு பத்தி, நடிப்புக்கு ஒன்று, ஒளிப்பதிவு, எடிட்டிங், இசை மூன்றுக்கும் சேர்த்து ஒன்று, பிறகு மதிப்பெண். பாத்திரம் எந்த மக்களைக் குறிக்கிறது என்பதற்கு அந்த அச்சில் இடமே கிடையாது. கிரைம் த்ரில்லர் என்றால் கேட்கவே வேண்டாம், ‘சஸ்பென்ஸைச் சொல்லக் கூடாது’ என்ற விதி கைகொடுக்கும். கொலையாளி யார் என்று சொல்ல முடியாது, அதனால் கொலையாளியாக எப்போதும் யாரைக் காட்டுகிறார்கள் என்றும் பேச வேண்டியதில்லை. வாரம் போகும், அடுத்த படம் வரும்.

படம் எடுத்தவர்களில் ஒருவராவது நம்மை முந்திக்கொண்டார். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல்துறையின் பிடியில் அடிபட்டு இறந்தார்கள். ‘சாமி’, ‘சிங்கம்’ வரிசைப் படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். நாம் அதையும் செய்தியாகத்தான் போட்டோம். அந்த ஐந்து படங்களுக்கும் விசில் அடித்தவர்களும் மதிப்பெண் போட்டவர்களும் ஒரு வரி எழுதியிருக்கலாம். லத்தியால் மூஞ்சியைக் கிழிக்கும் காட்சிக்கு ‘தெறி’ என்று தலைப்பு வைத்தது யார்?

மாறிவிட்டோம் என்று ‘ஜெய் பீம்’ (2021) வந்தபோது நினைத்தோம். 1993இல் கடலூர் மாவட்டத்தில் திருட்டுப் பழி சுமத்திக் கொண்டுபோகப்பட்டு, காவலில் கொல்லப்பட்ட ராஜாகண்ணுவின் வழக்கு அது. படம் நம்மை உலுக்கியது. கதையில் அவர் இருளராக வருகிறார். வழக்கின் ராஜாகண்ணு குறவர் சமூகத்தவர். இருளர் படும்பாட்டையும் சேர்த்துச் சொல்ல இயக்குநருக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால், திருட்டு நடந்தால் முதலில் குறவர் குடியிருப்புக்குத்தான் ஜீப் போகும் என்பது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் நூறாண்டுப் பழக்கம். அந்தப் பெயர் திரையில் இல்லாமல் போனதைக் குறவர் தரப்பிலிருந்து சுட்டிக்காட்டினார்கள். நாம் அதை எவ்வளவு தூரம் எடுத்துச் சென்றோம்? அதே படத்தில் ஒரு காவல் அதிகாரியின் வீட்டுக் காலண்டரில் இருந்த ஒரு சாதியின் சின்னத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களுக்குள் காலண்டர் மாற்றப்பட்டது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார், வாரக்கணக்கில் அதையே விவாதித்தோம். சுவரில் தொங்கிய காலண்டருக்குக் கிடைத்த இடம், செத்தவனின் சமூகத்துக்கு நம் பக்கங்களில் கிடைக்கவில்லை.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறை விதிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பாகுபாட்டையும், சீர்மரபினரைப் பழக்கத்தால் குற்றவாளிகள் என்று பார்க்கும் விதிகளையும் செல்லாது என்றது. அவர்களைத் தன்னிச்சையாகக் கைது செய்யக் கூடாது என்று போலீஸுக்குச் சொன்னது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் நீக்கப்பட்ட பட்டியல், 72 ஆண்டுகள் கழித்தும் சிறைக் கையேட்டில் உயிரோடு இருந்திருக்கிறது. அடுத்த வாரமே, அக்டோபர் 10 அன்று, ‘வேட்டையன்’ வெளிவந்தது. பொதுமக்களின் கோபத்துக்குப் பதில் சொல்வதற்காக ஓர் ஏழை இளைஞனை என்கவுன்டரில் சுட்டுவிட்டு, அவன் நிரபராதி என்று பிறகு தெரிந்துகொள்ளும் போலீஸ் அதிகாரியின் கதை. சந்தேகம் முதலில் ஏன் அவன்மீது விழுந்தது, ஊடகங்களில் என்ன பேசப்பட்டது, நாம் ஏன் உடனே நம்பினோம் என்று கேட்க ஒரு வெகுஜனப் படமே வாய்ப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது. ஒரு வாரத்துக்கு முந்தைய தீர்ப்பையும் சேர்த்து வைத்து எழுதியிருக்கலாம். ரஜினிக்கு மாஸ் காட்சிகள் போதுமா, அமிதாப்பின் தமிழ்க் குரல் பொருந்துகிறதா என்பதில் நம்மில் பெரும்பாலோரின் வார்த்தைகள் தீர்ந்துபோயின.

ஹெச்.வினோத்திடம் எத்தனையோ பேட்டிகள் எடுத்திருக்கிறோம். அந்த வம்சாவளிப் பகுதிக்குக் குறிப்புகளை எங்கிருந்து எடுத்தார், போலீஸ்காரர்களைத் தவிர வேறு யாரிடம் பேசினார், பவாரியாக் குடியிருப்பு எதற்காவது போனாரா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை முழுமையாக அச்சிடலாம். அவரிடம் நல்ல பதில்கூட இருக்கலாம். படம் டிவியில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கேள்விக்குக் காலம் கடந்துவிடவில்லை. அந்தப் பேட்டிக்குப் போகிறவர் முதலில் பெருங்காமநல்லூருக்கு ஒரு நடை போய்வந்துவிட்டால் நல்லது.